அம்புலிமாமா தந்த சக்கரபாணி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கதை கேட்டு வளராத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே குழந்தை கதையின் வாசலை மிதித்து விடுகிறது. பேசும் கிளியையும் பறக்கும் குதிரையையும் அது நம்புகிறது. அந்த நம்பிக்கையிலேயே உலகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கவும் தொடங்குகிறது. நாட்டை ஆண்டவர்களின் பிறந்தநாள் நமக்கு மனப்பாடம். திரையில் தோன்றியவர்களின் பெயர்களும் அப்படியே. ஆனால் நம் பாட்டன், தந்தை, அண்ணன் என்று மூன்று தலைமுறைக்குக் கதை கிடைக்க வழி செய்த ஒருவரின் பெயரைக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிக்கிறோம். அவரைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதும் வாய்ப்பை ஒரு பேறாகவே கருதுகிறேன்.

நீலப் பூனையும் முருங்கை மரத்து வேதாளமும்

எங்கள் அன்னவாசலில் மாலை வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து டோரேமானின் குரல் கேட்கும். டோரேமான் என்பது நீல நிற இயந்திரப் பூனை. 22-ஆம் நூற்றாண்டிலிருந்து புறப்பட்டு, நோபிதா என்ற சோம்பேறிச் சிறுவனின் மேசை இழுப்பறை வழியாக அவன் வீட்டுக்கு வந்து சேர்கிறது. அதன் வயிற்றில் ஒரு பை. அதற்குள் கையை விட்டால் எந்த விந்தைப் பொருளும் வரும். நினைத்த ஊருக்குத் திறக்கும் கதவு, தலையில் பொருத்திக்கொண்டு பறக்கும் சிறு விசிறி என்று கணக்கே இல்லை.

இதைப் படைத்தவர் ஃபுஜிமோட்டோ ஹிரோஷி என்ற ஜப்பானியர். 1933-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்பது அவர் புனைபெயர். 1969-ஆம் ஆண்டின் இறுதியில், 1970 ஜனவரி இதழாக வெளிவந்த ஆறு சிறுவர் பத்திரிகைகளில் டோரேமான் ஒரே சமயத்தில் தோன்றியது. அந்தப் பத்திரிகைகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. ஆகவே அவர் ஒவ்வொரு வயதுக்கும் ஏற்றபடி கதையைத் தனித்தனியே வரைந்தார். குழந்தைதானே என்று எண்ணாத அந்த அக்கறைதான் அந்தப் பூனையைக் கடல் கடந்து நம் தெருவரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

பிள்ளைகள் இதில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. நல்ல கதை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் அது விருந்தாளியே. ஆனால் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. நம் வீடுகளுக்கு இப்படி ஒரு மாய விருந்தாளி முன்பு வந்ததில்லையா? வந்தது. அது முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கியது. விக்கிரமாதித்தன் தோளில் ஏறி வந்தது. மாதம் தவறாமல் ஒரு கதை சொல்லி ஒரு கேள்வியும் கேட்டது. அந்த வேதாளத்தை மாதந்தோறும் நம் வீட்டுக்கு அழைத்து வந்த இதழ் ‘அம்புலிமாமா’. அதைத் தோற்றுவித்து நடத்தியவர் சக்கரபாணி. பழைய திரைப்படங்களின் தொடக்கத்தில் நாகிரெட்டி – சக்கரபாணி என்று இணைந்தே வரும் இரு பெயர்களில் பின்னவர் அவரே.

இளமையும் நோயும்

சக்கரபாணியின் இயற்பெயர் ஆலூரி வெங்கட சுப்பாராவ். ஆந்திர நாட்டின் தெனாலியில் 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே விடுதலை இயக்கத்தின் வேகம் அவரைப் பற்றிக்கொண்டது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இந்தி பயிலத் தொடங்கினார். சக்கரபாணி என்ற பெயர் அவருடைய இந்தி ஆசிரியர் இட்டது. அதுவே நிலைத்தது.

1932-ஆம் ஆண்டு வாக்கில் அவரைக் காசநோய் பிடித்தது. அக்காலத்தில் காசநோய் என்றால் பாதி மரணம் என்றே பொருள். அந்நோயை வென்ற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். அதுவரை தூய காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே மருத்துவம். மதனப்பள்ளியில் இருந்த காசநோய் மருத்துவமனையில் சேர்ந்த சக்கரபாணி, எழுந்து நடமாடவும் தடையுள்ள அந்த நாள்களில் வங்காள மொழியைக் கற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இருபத்து நான்கு வயது, கையில் பட்டம் இல்லை, நெஞ்சில் நோய், நாளை இருப்போமா என்பது உறுதியில்லை. அந்த நிலையில் ஒருவர் புதிதாக ஒரு மொழியின் அகர வரிசையைத் தொடங்குகிறார். தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் பாடநூலைத் திறக்கும் நமக்கு இது பெரிய பாடம். அந்த மொழி அவருக்குப் பின்னாளில் சோறும் போட்டது, புகழும் தந்தது. நோயிலிருந்து மீண்ட அவர் சரத்சந்திரரின் நாவல்களை வங்காளத்திலிருந்து தெலுங்கில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பின் இயல்பான ஓட்டத்தைக் கண்டு, சரத்சந்திரர் தெலுங்கு எழுத்தாளரே என்று வாசகர் பலர் நினைத்ததாகச் சொல்வார்கள். அயல்மொழிக் கதையை வாசகனின் வீட்டுக் கதையாக்கும் இந்தத் திறமையே பின்னர் அம்புலிமாமாவின் உயிர்நாடியாயிற்று.

இருவர் கூடிய நட்பு

1930-களில் தெனாலியில் ‘யுவ’ என்ற இதழை நடத்தினார் சக்கரபாணி. அப்பணியில் அவருக்குத் துணை நின்றவர் எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்பராவ். பிறகு திரைப்பட உரையாடல் எழுதும் வாய்ப்பு வந்தது. பி.என். ரெட்டி இயக்கிய ‘சுவர்க்கசீமா’ (1945) படத்திற்கு அவர் உரையாடல் எழுதினார்.

பி.என். ரெட்டியின் தம்பி நாகிரெட்டி. கடப்பை மாவட்டத்துக்காரர், சென்னையில் அச்சகம் நடத்தி வந்தார். தம் நூல்களை அச்சிடச் சென்ற சக்கரபாணிக்கும் அச்சுத்தொழிலில் ஆர்வம் மிக்க நாகிரெட்டிக்கும் ஏற்பட்ட பழக்கம் நட்பாகிக் கூட்டாக மலர்ந்தது. ஒருவர் எழுத்தறிந்தவர், மற்றவர் இயந்திரம் அறிந்தவர். ஒருவர் என்ன தரவேண்டும் என்று அறிந்தார். மற்றவர் அதை எப்படித் தரவேண்டும் என்று அறிந்தார். பணமும் புகழும் புகுந்த இடத்தில் நட்பு நிலைப்பது அரிது. இவர்கள் நட்பு சக்கரபாணியின் இறுதி மூச்சுவரை நிலைத்தது.

1947 ஜூலை

நாடு விடுதலை பெறுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில், தெலுங்கில் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் பிறந்தன. உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நாட்டில் சிறு பகுதியினரே. அந்த வேளையில் குழந்தைகளுக்கென்று ஒரு மாத இதழைத் தொடங்கியது துணிச்சலான செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த இதழின் அமைப்பை எண்ணிப் பார்த்தால் சக்கரபாணியின் மனம் புலப்படும். பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கினால், படம் கை கொடுத்துத் தூக்கிவிடும். வாக்கியங்கள் சிறியவை. கடுஞ்சொல் இல்லை, கொச்சையும் இல்லை. புராணம், நாடோடிக் கதை, புத்த ஜாதகக் கதை, அரபு நாட்டுக் கதை எல்லாம் ஒரே நடையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. சித்ரா, எம்.டி.வி. ஆச்சார்யா, வ.பா. முதலிய ஓவியர்கள் வரைந்தனர். 1952-இல் அவர்களோடு சேர்ந்தவர் ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த கே.சி. சிவசங்கரன் என்ற சங்கர். கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் சுடுகாட்டில் நடக்கும் அந்தப் படம் அவர் கைவண்ணமே. அறுபது ஆண்டுகள் அந்த இதழுக்கு வரைந்த அவர் 2020-இல் மறைந்தார். சித்தன்னவாசல் குகை ஓவியத்தின் நிழலில் வளர்ந்த எங்கள் பகுதியினருக்கு, நல்ல படம் எத்தனை காலம் பேசும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ், தெலுங்கோடு நில்லாமல் கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என்று இதழ் பரவியது. 1955-இல் ஆங்கிலப் பதிப்பும் வந்தது. இத்தனை மொழிகளுக்கும் சென்னை வடபழனியே தலைமையிடம்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முடிதிருத்தும் கடையில் கிடந்த கிழிந்த அம்புலிமாமாவைப் படித்துப் படித்தே தடங்கலின்றி வாசிக்கப் பழகினேன் என்பார். பள்ளி கைவிட்ட இடத்திலிருந்து அந்த இதழ் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் படிகளில் ஒன்றை இட்டவர் சக்கரபாணி என்றே நினைக்கிறேன். இப்படி எத்தனை வீடுகள் இருக்குமோ!

வேதாளம் கேட்ட கேள்வி

வேதாளக் கதைகள் மிகப் பழமையானவை. 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அவை 25 கதைகளாக உள்ளன. அங்கே வேதாளம் தொங்கியது சிம்சபா மரத்தில். தமிழுக்கு வந்ததும் நம் கொல்லைப்புறத்து முருங்கையில் ஏறிக்கொண்டது. அம்புலிமாமாவில் இக்கதைகள் மாதந்தோறும் வந்து 25-ஐக் கடந்து நூற்றுக்கணக்கில் பெருகின. ஆசிரியர் குழுவினர் பிற நாடோடிக் கதைகளையும் எடுத்து வேதாளத்தின் வாயில் வைத்தனர். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிக்கல். அதற்கு விக்கிரமாதித்தன் விடை சொல்லியாக வேண்டும். விடை சொன்னால் மௌனம் கலையும். வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும்.

பழைய 25-இல் ஒரு கதை அறிவியல் மாணவர்களாகிய நமக்கென்றே சொன்னது போல் இருக்கிறது. சகோதரர் நால்வர் ஆளுக்கொரு வித்தை கற்று வருகிறார்கள். காட்டில் ஒரு விலங்கின் எலும்பு கிடைக்கிறது. ஒருவன் எலும்பின்மேல் தசையை வளர்க்கிறான். மற்றவன் தோலும் மயிரும் தருகிறான். மூன்றாமவன் உறுப்புகளை நிறைவாக்குகிறான். நான்காமவன் உயிர் கொடுக்கிறான். எழுந்தது சிங்கம், நால்வரையும் தின்று விடுகிறது. இதில் யார் குற்றவாளி என்பது வேதாளத்தின் கேள்வி. மற்ற மூவருக்கும் அது என்ன விலங்கு என்று தெரியாது. முழு உருவத்தையும் கண்ட பிறகு உயிர் கொடுத்தவனே குற்றவாளி என்கிறான் மன்னன். அணுகுண்டு முதல் இன்றைய செயற்கை நுண்ணறிவு வரை எதைப் பற்றி விவாதித்தாலும் இந்தக் கேள்விதான் நடுவில் வந்து நிற்கிறது.

டோரேமான் கதைகளிலும் இதே நீதி ஓடுகிறது என்பதை ஊன்றிப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேர்வுக்குப் படிக்காத நோபிதாவுக்கு டோரேமான் ஒரு ரொட்டி தருகிறது. புத்தகத்தின் மேல் அதை அழுத்தினால் எழுத்துகள் அதில் பதியும். தின்றால் பாடம் நினைவில் நிற்கும். நோபிதா அளவின்றித் தின்கிறான், வயிறு கெடுகிறது, தின்றதோடு படித்ததும் போய்விடுகிறது. பக்குவம் இல்லாதவன் கையில் கிடைத்த மாயப்பொருள் அவனையே திருப்பித் தாக்கும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார் ஃபுஜிமோட்டோ. நம் வேதாளமோ கதையைச் சொல்லி முடித்து, தீர்ப்பைக் கேட்பவனிடமே விட்டுவிடுகிறது. மன்னன் விடை சொல்வதற்குள் தாமும் ஒரு விடையை யோசித்துப் பார்க்காத சிறுவர் சிறுமியர் இருந்திருக்க மாட்டார்கள். மாயக்கதை குழந்தையை மூடநம்பிக்கையில் ஆழ்த்தும் என்று குறை சொல்பவர்கள் இதைக் கருத வேண்டும். 1952 முதல் 1980-இல் தாம் மறையும் வரை இதழின் ஆசிரியர் பணியைத் தோளில் சுமந்த குடும்பராவ், இயற்பியல் பயின்றவர், பகுத்தறிவாளர், அறிவியல் கட்டுரைகளும் எழுதியவர். பேயை நம்பாத ஒருவரிடம் பேய்க்கதையை ஒப்படைத்ததில் சக்கரபாணியின் கூர்மையைக் காண்கிறேன்.

வெள்ளித்திரையில் மாயம்

நாகிரெட்டியும் சக்கரபாணியும் விஜயா நிறுவனத்தின் பெயரில் எடுத்த படங்களை விரித்தால் தனிக்கட்டுரையாகும். ‘பாதாள பைரவி’ (1951) அம்புலிமாமாக் கதை எழுந்து நடந்தது போன்ற படம். ‘மாயாபஜார்’ (1957) படத்தில் கடோத்கசன் கல்யாண விருந்து முழுவதையும் உண்டு தீர்க்கும் காட்சியை இன்றும் குழந்தைகள் கண்டு சிரிக்கிறார்கள். கணினி வித்தை இல்லாத அந்தக் காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி செய்த அற்புதம் அது. இவ்விரண்டையும் இயக்கியவர் கே.வி. ரெட்டி.

சக்கரபாணி கற்ற வங்காளம் ‘மிஸ்ஸியம்மா’வில் (1955) மீண்டும் பயன்பட்டது. வங்காள நாடகம் ஒன்றைத் தழுவிய கதை அது. வேலை கிடைக்காத படித்த இளைஞர் ஒருவரும் படித்த பெண் ஒருவரும், ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். இருவரும் வேறு வேறு மதத்தினர். வேலையில்லாத் திண்டாட்டம், மத வேற்றுமை என்ற இரண்டு கனமான பொருள்களை ஒரு சுடுசொல்கூட இல்லாமல் நகைச்சுவையில் கரைத்திருக்கிறார்கள். ‘மனிதன் மாறவில்லை’ (1962) படத்தைச் சக்கரபாணியே இயக்கினார். குழந்தைக்குக் கதை சொல்லும்போது காத்த தூய்மையையும் எளிமையையும் அவர் பெரியவர்களுக்கான படத்திலும் கைவிடவில்லை.

நிறையும் குறையும்

ஒருவரைப் போற்றும்போது குறையை மறைப்பது நேர்மையாகாது. அம்புலிமாமாக் கதைகளில் அரசரும் அமைச்சரும் வணிகரும் அறிவாளிகளாக வருவர். உழைப்பாளி பெரும்பாலும் ஏமாளியாக வருவான். சிற்றன்னை என்றால் கொடியவள். பெண்ணின் அறிவு வெளிப்படும் கதைகள் உண்டென்றாலும் அவை குறைவு. பழங்கதைகளோடு பழைய சமுதாயமும் சேர்ந்தே வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. கதைகளுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இராது. கதையே முதன்மை, சொல்பவர் அல்லர் என்ற கொள்கையில் ஓர் அழகு இருக்கிறது. ஆனால் அதனால், தெலுங்கு மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு இனிய தமிழைத் தந்தவர்களின் பெயர்கள் வாசகர்களுக்குத் தெரியாமலே போயின. என் தந்தைக்கு வாசிப்பைக் கற்றுத் தந்த அந்தத் தமிழ் யாருடையது என்று அறிந்து நன்றி சொல்ல எனக்கு வழியில்லை.

மறைவும் அதன் பின்னும்

1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 67-ஆம் வயதில் சக்கரபாணி மறைந்தார். இருபத்து நான்கு வயதில் நோய் குறித்த நாளை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டு உழைத்திருக்கிறார். அவருக்குப் பின் நாகிரெட்டியின் மகன் விசுவம் இதழை நடத்தினார். 1998-இல் இதழ் நின்றது. அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தது. 2007-இல் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2010-களின் முற்பகுதியில் மீண்டும் நின்றுபோனது. நாகிரெட்டி 2004-இல் காலமானார்.

தெலுங்கரான சக்கரபாணியை நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்று சிலர் கேட்கலாம். நம் புதுக்கோட்டை மாவட்டமே குழந்தை இலக்கியத்தின் தாய்வீடுதான். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும், சித்திரக்கதைகளாலும் மாயக்கதைகளாலும் சிறுவர் உள்ளம் கவர்ந்த வாண்டுமாமா பிறந்த அரிமளமும் நம் மாவட்டத்து ஊர்களே. அவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். வேறு மொழி பேசிய ஒருவர் நம் மொழிப் பிள்ளைகளுக்குச் செய்த தொண்டை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

இன்று நம் தெருப் பிள்ளைகளுக்குக் கதை பார்க்கக் கிடைக்கிறது. தாய்மொழியில் படிக்கக் கிடைப்பது அருகிவிட்டது. வீட்டில் படித்தவர் இல்லாத பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. பார்க்கும் கதை தானே ஓடிவிடும்; படிக்கும் கதையைப் பிள்ளைதான் இழுத்துச் செல்ல வேண்டும். அந்த இழுப்பில்தான் வாசிப்பு வலுப்பெறுகிறது. பாடநூலைத் தவிர வேறு நூல் இல்லாத வீட்டில் வாசிப்பு என்பது தேர்வு முடிந்ததும் முடிந்துவிடுகிறது.

ஆகவே நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்த்துறை மாணவர்கள் கதை எழுதட்டும். அறிவியல் மாணவர்களாகிய நாங்கள் கேள்வி எழுப்புகிறோம். படம் வரையத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு துறையிலும் உண்டு. திங்களுக்கு ஒரு கையெழுத்து இதழைச் சிறுவர்களுக்கென்று தயாரித்து, நம் ஊர்களின் தொடக்கப் பள்ளிகளுக்கும் கிளை நூலகங்களுக்கும் கொடுப்போம். அதில் வேதாளமும் வரட்டும், நீலப் பூனையும் வரட்டும். எழுதியவர், மொழிபெயர்த்தவர், வரைந்தவர் பெயர்களையும் மறக்காமல் போடுவோம். நோய்ப் படுக்கையில் கிடந்து ஒரு மொழியைக் கற்றவர் சக்கரபாணி. நல்ல உடலும் நான்கு சுவருக்குள் நிழலும் பெற்றுப் படிக்கும் நமக்கு இந்தச் சிறு பணி கடினமாக இராது.